கால்நடைக் குறிப்புகள் – 7: பஸ் இருக்கேண்ணே!

சென்ற வாரம் உகந்தை முருகனிடம் விடைபெற்று யால காட்டுக்குள் நுழைந்த கதிர்காம யாத்ரீகர்களோடு நடந்தோம். அதைப் படித்துவிட்டு என் வீட்டிலேயே ஒரு கேள்வி எழுந்தது. "யானை திரியிற காட்டைப் பத்தியெல்லாம் எழுதுறீங்க. நாம இருக்கிற ஊர்ல எங்க நடந்திருக்கீங்க? மின்தூக்கி கெட்டுப்போன அன்னைக்கு எட்டு மாடி ஏறுனதைத் தவிர?" கேட்டவர் மனைவி. ஆகவே பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

நாங்கள் குடியிருப்பது சிங்கப்பூரின் மேற்கே பூன் லேயில். சூ பூன் லே என்ற சீன வணிகரின் தோட்டம் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பரந்து கிடந்தது. தோட்டம் போய் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் வந்தன. பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1990 ஜூலையில் இங்கே ரயில் நிலையம் திறந்தபோது மேற்கே அதற்கப்பால் நிலையம் கிடையாது. 2009 பிப்ரவரியில் பயனியரும் ஜூ கூனும் திறக்கும்வரை ஏறக்குறைய பத்தொன்பது வருஷம் பூன் லேதான் கடைசி. அதனால் எங்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வேலை முடிந்து ரயிலில் ஏறினால் கவலையில்லாமல் தூங்கலாம். ஊர் வந்ததும் ரயிலே நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் கண் அசந்து, ஜூ கூனில் விழித்துத் திரும்பி வருகிற பழைய ஆட்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

கடைசி நிலையத்துக்காரர்களுக்கு ஒரு தாழ்வுணர்ச்சி இருக்கும். எல்லாமே வேறெங்கோ தொடங்கி, தேய்ந்து, நம்மிடம் வந்து முடிகிறது என்று. ஆகவே 2019 மார்ச்சில் தேசியப் பூங்காக் கழகம் தீவைக் குறுக்கே கடக்கும் 36 கிலோமீட்டர் நடைபாதையைத் திறந்து, அது எங்களுக்கு அடுத்த நிலையமான லேக்சைடு பக்கத்தில், ஜூரோங் ஏரிப் பூங்காவில் தொடங்குகிறது என்று அறிவித்தபோது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. பாதையின் பெயர் 'கோஸ்ட் டு கோஸ்ட்'. கடற்கரையிலிருந்து கடற்கரைக்கு. ஆனால் ஜூரோங்கில் இருப்பது ஏரி! 1970களின் தொடக்கத்தில் ஜூரோங் ஆற்றுக்கு அணைபோட்டு உண்டாக்கிய ஏரி. நிஜக் கடல் அதற்குப் பின்னால், தொழிற்பேட்டைகளுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. ஆங்கிலத்தில் இது பொய்யாகலாம். தமிழில் ஆகாது. ஏரிக்கும் கரைதான், கடலுக்கும் கரைதான்.

மறுகரை வடகிழக்கில் கோனி தீவு. ஒரே நாளில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மூன்று நாளாக வகுத்துக்கொண்டேன். எங்கே நடையை விடுகிறேனோ அங்கிருந்து ரயிலேறி பூன் லேக்கு வந்து தூங்கிவிட்டு, மறுபடி அதே இடத்துக்குப் போய்த் தொடர்வது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் 3,500 கிலோமீட்டரை ஐந்தாறு மாதம் கூடாரத்தில் படுத்து நடக்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தினமும் இரவு சொந்தக் கட்டிலில் படுத்துத் தீவைக் கடப்பதும் ஒரு சுகம்தான்.

முதல் தவறு சாப்பாட்டில் நடந்தது. எங்கள் பூன் லே பிளேஸ் உணவு நிலையம் நாசி லெமாக்குக்குப் பேர்போனது. முதல்நாள் இரவே ஒரு பொட்டலம் வாங்கி, குளிர்பெட்டியில் வைக்க மறந்து, விடிகாலையில் அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. நம் பாட்டிகள் கட்டுச்சோறு என்றால் ஏன் புளியைக் கரைத்தார்கள் என்று யோசித்திருக்க வேண்டாமா?

ஏரியில் நல்ல இருட்டு. 'ராசாவ் வாக்' என்ற மரப்பாலத்தில் கால்வைத்தபோதுதான் கிழக்கு வெளுத்தது. ராசாவ் என்பது நம் தாழையின் இனம். சதுப்பில் வேரூன்றி, முள்ளோர ஓலையை நீருக்கு மேல் சாய்த்து நிற்கும். பூ இருக்கிறதா என்று குனிந்து தேடினேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று சீனப் பாட்டிகள் எதையோ தவறவிட்டேன் என்று நினைத்து, தங்கள் கைபேசி விளக்கை அடித்து அவர்களும் தேடத் தொடங்கினார்கள். என்ன தேடுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நான்கு பேரும் சேர்ந்து தேடினோம்.

இந்தப் பாதையைக் காட்டுவழி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பூங்காவிலிருந்து பூங்காவுக்குப் போகிற இடைவெளியில் அது ஊரின் கொல்லைப்புறமாக ஓடுகிறது. கால்வாய் ஓரம், மேம்பாலத்தடி, புளோக்குகளின் பின்பக்கம். முப்பது வருஷமாக நான் ரயில் சன்னல் வழியாக இந்த ஊரைப் பார்த்திருக்கிறேன். ரயில் காட்டுவது ஊரின் முகம். கொல்லைப்புறத்தில்தான் மூங்கில் கழியில் உலரும் கைலி, கீழ்த்தளத்துத் தூணில் சாய்த்த மிதிவண்டி, பூனைக்குச் சோறு வைக்கிற ஆன்ட்டி, அந்தப் பூனைக்காகச் சண்டை போடுகிற இன்னொரு ஆன்ட்டி. புக்கிட் பாத்தோக்கில் ஒரு மலாய் அம்மா என் போத்தலை வாங்கித் தன் வீட்டுக் குளிர்நீரை நிரப்பிக் கொடுத்துவிட்டு, எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "காசிஹான்" என்றார். ஐயோ பாவம் என்று அர்த்தம்.

புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா பழைய கருங்கல் குவாரி. அதைச் சுற்றிக்கொண்டு போய், வழிகாட்டிப் பலகையைக் கொஞ்ச தூரம் மறந்துவிட்டு, நான் பழைய ரயில் பாதையில் இறங்கினேன். அதற்குக் காரணம் உண்டு.

மலாயா ரயில் இங்கேதான் ஓடியது. உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை, தீவுக்கு நடுவே, 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் புறப்பட்டது. அதை ஓட்டிப் போனவர் ஜொகூர் சுல்தானே. மறுநாள் நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பியது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அந்தத் தடம் இப்போது நடைபாதை. புக்கிட் தீமா நிலையத்தையும் அதையொட்டிய இரும்புப் பாலங்களையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தச் சின்ன நிலையத்தில் கடைசி நாள் வரைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒற்றைத் தடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடாதிருக்க, ஒரு டோக்கனை வளையத்தில் கோத்து ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். ரயில் நிற்காது. ஓடுகிற வண்டியிலிருந்து அவர் கையை நீட்டி வளையத்தைப் பிடித்துக்கொள்வார். அந்த டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாதை.

இந்த ரயில்வேயில் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். குவீன்ஸ்வே பக்கத்து ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1932இல் ரயில் தொழிலாளர்கள் தண்டவாளத்தருகே வைத்துக் கும்பிட்ட சாமியிலிருந்து வளர்ந்தது. வழிக்குக் காவல் முனி. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அந்தப் பாதையில் இப்போதும் காதில் விழுவது தமிழ்தான். ஆனால் அதற்கு முன் இயந்திரச் சத்தம் கேட்கும்.

புல் வெட்டுகிறவர்கள் ஐந்து பேர். சிங்கப்பூரில் தினம் பார்க்கிற காட்சிதான், ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் குறைவு. இயந்திரம் தோளில் தொங்குகிறது. முகத்துக்கு வலைத்தட்டி, முழங்காலுக்குக் கீழே கனத்த உறை. அதையும் மீறிச் சட்டையெல்லாம் பச்சைத் துகள். வெட்டுகிறவருக்குப் பக்கவாட்டில் இன்னொருவர் ஆளுயர வலை ஒன்றைப் பிடித்தபடி நண்டுபோல நகர்ந்துகொண்டே வருகிறார். கல் தெறித்து நடப்பவர் மேல் பட்டுவிடக் கூடாது. ஆள் வந்தால் வெட்டுகிறவர் இயந்திரத்தை அடக்குகிறார். ஆள் கடந்ததும் முடுக்குகிறார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிறுத்துவீங்க?" என்று வலைக்காரரைக் கேட்டேன். "சனி ஞாயிறுன்னா வெட்டுறதைவிட நிப்பாட்டுறதுதாண்ணே அதிகம்" என்றார்.

மணி பதினொன்றரை. அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். எனக்கும். ஒரு மரத்தடியில் தார்ப்பாயை விரித்தார்கள். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். திரும்பிப் பார்க்காமலே வலைக்காரர் சொன்னார்.

"அண்ணே, அது போயிருச்சு. சாப்பிடாதீங்க."

வாசனை அவருக்கு முதலில் எட்டியிருந்தது. அவர் அந்த வாசனையில் கைதேர்ந்தவர். கேட்டரிங் சோற்றை விடியலுக்கு முன்பே கட்டிக் கொடுத்துவிடுவார்களாம். லாரியிலும் வெயிலிலும் கிடந்து பகலுக்குள் நொந்துவிடும். "ரெண்டு வருஷம் அதைத்தான் தின்னோம். இப்ப நாலு மணிக்கு எந்திரிச்சு நாங்களே கிண்டிக்கிறது." டப்பாவைத் திறந்தார். புளிச்சோறு. நல்லெண்ணெய் மேலே மினுங்கியது. வேர்க்கடலை, கிள்ளிப் போட்ட வற்றல். தொட்டுக்கொள்ள அவித்த முட்டை. டப்பா மூடியில் பாதியை எடுத்துவைத்து என் பக்கம் தள்ளினார்.

"எங்க போறீங்கண்ணே?"

"கோனி தீவுக்கு."

"எங்கேருந்து?"

"பூன் லேயிலேர்ந்து. நடந்து."

மற்ற நான்கு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பஸ் இருக்கேண்ணே!"

சிரித்து முடித்த பிறகு பேச்சு வளர்ந்தது. அவருக்குப் புதுக்கோட்டைப் பக்கம். தங்குமிடம் எங்கே என்று கேட்டால், எங்கள் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பணம் அனுப்பவும் சாமான் வாங்கவும் லிட்டில் இந்தியாவின் தேக்காவரைக்கும் போவதில்லை. பூன் லே ரயில் நிலையத்துக் கடைகளிலேயே முடித்துக்கொள்கிறார். எத்தனையோ ஞாயிறு ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு போயிருப்போம். ஒரு வார்த்தை பேச, இரண்டு பேரும் புக்கிட் தீமா வரவேண்டியிருந்தது. அவர் லாரியில், நான் நடந்து.

"நடக்கிறதுன்னா பழனிக்கு நடக்கணும்" என்றார். ஆறு தைப்பூசம் நடந்தவர். இங்கே வந்தபிறகு விட்டுப்போனது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று வழி. சுமார் 160 கிலோமீட்டர் தார்ச்சாலை, பலருக்கு வெறுங்கால். பகல் கொதிக்கும் என்று ராத்திரியில்தான் அதிகம் நடப்பார்களாம். எதிரே வருகிற லாரிக்கு ஆள் தெரிய, பையின் முதுகில் மினுக்கும் பட்டை ஒட்டிக்கொள்வார்களாம். அவர் ஊர்களைச் சொல்லிக்கொண்டு வந்த விதம் கவனிக்கத்தக்கது. கிலோமீட்டரே வாயில் வரவில்லை. எங்கே சுக்குக்காப்பி, எங்கே இட்லி, எந்த ஊர்க்காரர்கள் வெந்நீர் வைத்துக் காலை ஊறப்போடச் சொல்வார்கள், எந்த வீட்டுத் திண்ணையில் தைலம் தேய்த்துவிடுவார்கள். அந்தப் பாதை அவருக்குள் சாப்பாடாகவும் காலாகவும் பதிந்திருக்கிறது.

அப்பலாச்சியன் பாதையில் முன்பின் தெரியாதவர் வழியில் சோறோ குளிர்பானமோ கொடுத்தால் அதற்கு 'பாதை மாயம்' என்று ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். கொடுப்பவர் 'பாதைத் தேவதை'. அவர்களுக்கு அது எதிர்பாராமல் கிடைப்பது, அதனால் மாயம். நமக்கு அது கடமைக் கணக்கில் வருகிறது. தண்ணீர்ப்பந்தல், சத்திரம், நடப்பவன் தலைச்சுமையை இறக்கித் திரும்ப யார் துணையுமில்லாமல் தூக்கிக்கொள்ளச் சுமைதாங்கிக் கல். பிள்ளையோடு இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக அந்தக் கல்லை நட்டார்கள் என்பதைப் பல வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அதே அப்பலாச்சியனில் 1955இல் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி நடந்தார். வயது 67, பதினொரு பிள்ளை பெற்றவர். தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை, காலில் சாதாரண கேன்வாஸ் காலணி, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. தனியாக ஒரே பருவத்தில் அந்தப் பாதையை முழுக்க நடந்த முதல் பெண் அவர்தான். அமெரிக்கர்கள் வியந்து வியந்து எழுதியிருக்கிறார்கள். நத்தம் சாலையில் தை மாதம் நின்றால் அப்படிப்பட்ட பாட்டிகள் வரிசையாக வருவார்கள். பேர்தான் யாரும் எழுதிவைப்பதில்லை.

"இங்க தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு போறதில்லையா?" என்று கேட்டேன். "லீவு கிடைச்சாப் போவேன். பெருமாள் கோயில்லேர்ந்து மூணு மூணரைக் கிலோமீட்டர். கால் சூடேறுறதுக்குள்ள கோயில் வந்துருது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழனியிலேர்ந்து நாங்க திரும்புறப்ப பஸ்தாண்ணே. நகரத்தார் காவடிக்காரங்க மட்டும் திரும்பியும் நடைதான். காவடியோட போய், காவடியோட நடந்தே ஊர் வந்து சேருவாங்க. அதான் முழு நடை" என்றார்.

எழுந்திரிக்கும்போது நான் நொண்டியதைக் கவனித்துவிட்டார். குதிகாலில் கொப்புளம். ஊசியில் நூலைக் கோத்துக் குத்தி, நூலை மட்டும் உள்ளே விட்டுவிட்டால் நீர் கசிந்து வற்றிவிடும் என்பது பழனி வைத்தியம். எனக்குத் தைரியம் வரவில்லை, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். "போய்ச் சேந்துட்டா ஒரு போட்டோ போடுங்க." இயந்திரம் முடுக்கும் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. உடனே நின்றது. யாரோ கடக்கிறார்கள்.

இரண்டாம் நாளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தாவரவியல் பூங்கா அழகு. அது எல்லாருக்கும் தெரியும். ஆடம் ரோடு உணவு நிலையத்தில் மறுபடி நாசி லெமாக் சாப்பிட்டேன், சூடாக, பழிவாங்குவதுபோல. மெக்ரிட்சியில் ஒரு குரங்கு என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே பிளாஸ்திரி மட்டும் இருப்பது தெரிந்து அருவருப்போடு விட்டுப்போனது. மாலையில் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் இடி பிடித்துக்கொண்டது. அங்கே காலாங் ஆறு முன்பு கான்கிரீட் கால்வாயாக நேர்க்கோட்டில் ஓடியது. 2012 வாக்கில் சுவரை உடைத்து, 2.7 கிலோமீட்டர் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். அரைக் கிலோமீட்டர் கூடியது எப்படி? வளைந்து நடந்தால் தூரம் கூடும், அதே கணக்குதான். மழையில் ஆறு புல்மேட்டின்மேல் ஏறும். அதற்கு எச்சரிக்கை விளக்கும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறார்கள். கூரையின்கீழ் பதினைந்து பேர் ஒதுங்கினோம். முக்கால் மணி நேரம் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஒரு சீன முதியவர் மட்டும் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் கொட்டிக்கொண்டே போனார். வேண்டாம் என்று சொன்னவருக்கும் கொட்டினார்.

மூன்றாம் நாள் செங்காங், பொங்கோல், கால்வாய், பாலம், மறுபடி கால்வாய். கால் தானாகப் போயிற்று. பிற்பகலில் கோனி தீவின் இரும்புக் கதவு. மாலை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

இதன் பழைய பெயர் புலாவ் சிராங்கூன். நம் தேக்காவுக்குள் ஓடும் சிராங்கூன் சாலையின் அதே சிராங்கூன். ஒரு காலத்தில் 'டைகர் பாம்' சகோதரர்களிடம் இருந்தது. 1950இல் ஓர் இந்திய வணிகர் வாங்கி, நியூயார்க்கின் கோனி தீவைப் போலக் கேளிக்கைத் தலமாக்கப் பார்த்தார். நடக்கவில்லை, பேர் மட்டும் தங்கிவிட்டது. 2015இல் பூங்காவாகத் திறப்பதற்கு முன்பிருந்தே இந்தத் தீவில் ஒரு மாடு தனியாக வாழ்ந்துவந்தது. பிராமன் இனக் காளை, நம் நாட்டுமாட்டின் வம்சாவளி, அதே திமில். யார் கொண்டுவந்து விட்டார்கள், எப்படி வந்தது என்பது யாருக்கும் புலப்படவில்லை. பூங்கா அதிகாரிகள் தடுப்பூசி போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வருகிறவர்களுக்கு அதைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று அறிவிப்பும் இருந்தது. அடுத்த வருஷமே இறந்துவிட்டது. இந்தத் தொடருக்குக் கால்நடைக் குறிப்புகள் என்று பேர் வைத்தபோது ஆசிரியர், 'மாட்டு வைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள்' என்று எச்சரித்தார். ஏழாவது வாரத்தில் மாடு வந்தேவிட்டது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூர். மணலில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினேன். காலில் மணல் ஈக்கள் கடித்த தடிப்பு விழுவதற்குள், பொங்கோலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சன்னல் ஓரம், குளிர்சாதனம், தூக்கம் சொக்கியது. கைபேசி அதிர்ந்தது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. பின்னணியில் லாரிச் சத்தம், நாலைந்து பேர் சிரிப்பு.

"வாழ்த்துக்கள்ணே! திரும்பியும் நடைதானே?"